இறங்கும்போதும் ஏறும்போதும்

கருவை உறையவைத்துக் காக்கும் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட என்னிடம், தம்பதிகளும் அவர்களுடன் வரும் பெரியவர்களும் முதலில் கேட்பது, அந்தக் குளிரில் அது எத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்பதைத்தான். அபாயம் கிடங்கில் இருக்கிறதென்பது அவர்களுடைய எண்ணம். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் அமிழ்ந்து, பெயரும் தேதியும் எழுதிய ஒரு பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒட்டிக் கிடக்கும் ஜீவனுக்கு அங்கே ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவது மனித சுபாவமே. இந்தத் தொழிலைச் செய்கிறவர்களோ அந்த இடத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அங்கே இறங்கும் சில நிமிஷங்களும், அங்கிருந்து ஏறி வரும் சில நிமிஷங்களுமே எங்கள் வித்தையின் பரீக்ஷைக் காலம்; ஆன்டி ஆக்ஸிடென்ட் என்று இன்று மருந்துக்கடை முதல் முகப்பூச்சு விளம்பரம் வரை அடிபடும் பொருள்களுக்கு எங்கள் லேபில் ஏதேனும் வேலை உண்டென்றால், அதுவும் அந்த நிமிஷங்களில்தான்.

வடசென்னையிலிருந்து மருமகளை அழைத்துக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி, நான் விளக்கிக்கொண்டிருந்ததைப் பாதியிலேயே நிறுத்தி, "ஏம்பா, ஐஸ் பொட்டியில வச்ச வஞ்சிரமே ரெண்டு மூணு மாசம் போனா காறல் வாடை அடிக்குது, நீங்க புள்ளைய வருஷக்கணக்குல வைக்கிறேன்னு சொல்றீங்களே?" என்று கேட்டார். "நீங்க கேட்டதுதாம்மா சரியான கேள்வி" என்றேன். அது உபசாரத்துக்காகச் சொன்னதன்று. வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டு பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில் நிற்கிறது. அங்கே கிருமிகள் பெருகுவதில்லை; எனினும் பனித் துகள்களுக்கு இடையே உறையாத உப்புநீர் சிறிது மிஞ்சியிருப்பதால், மீனின் கொழுப்பும் காற்றிலுள்ள பிராணவாயுவும் மெல்ல மெல்லக் கூடி அந்தக் காறலை உண்டாக்குகின்றன. கருவின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்திருக்கும் சவ்வும் பெரும்பாலும் கொழுப்பினால் ஆனதே. அதற்கு நேரக்கூடிய கேடும் இதே ரசாயன கிரியைதான். ஆனால் 196 டிகிரிக் குளிரில் நீர் என்று சொல்லத்தக்க எதுவுமே மிஞ்சுவதில்லை. அணுவோடு அணு மோதுவதற்கு இடமும் சக்தியும் இல்லாமல் எல்லாக் கிரியைகளும் ஸ்தம்பித்துவிடுகின்றன. பூமியிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இடையறாது வரும் இயற்கைக் கதிர்வீச்சு ஒன்றுதான் அங்கேயும் எட்டக்கூடியது. இங்கிலாந்தில் உறைந்த எலிக் கருக்களின்மீது ஏறக்குறைய ஈராயிரம் வருஷக் கதிர்வீச்சுக்குச் சமமான அளவைச் செலுத்திப் பார்த்தும் சொல்லத்தக்க தீங்கு எதையும் காணவில்லை. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருவைப் பத்தாண்டு வரையில்தான் வைத்திருக்கலாம் என்று வரையறுத்திருப்பது, சமூகமும் குடும்பமும் சம்பந்தப்பட்ட காரணங்களுக்காக; கரு கெட்டுப்போகும் என்பதற்காக அன்று. "வஞ்சிரம் கெடுறது வழியில நிக்கிறதால, இது வழியத் தாண்டிப் போயிருதும்மா" என்று மூதாட்டியிடம் சொன்னேன். வழியில் என்ன நடக்கிறதென்று அவர் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இந்தத் துறையின் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்கையில், ஒரு பகைவன் வீழ்ந்த பின்னரே அடுத்தவனுடைய முகம் தெரிந்திருக்கிறது. முதற்பகை பனிக்கட்டி. 1949ல் லண்டனைச் சேர்ந்த மில் ஹில்லில், போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், சேவலின் விந்தணுக்கள் கிளிசரின் கலந்த திரவத்தில் உறைந்தும் உயிர் பிழைப்பதைக் கண்டார்கள். சீசாவின் மேலிருந்த சீட்டு மாறிப்போனதால், சர்க்கரைக் கரைசல் என்றெண்ணி எடுத்ததில் கிளிசரின் இருந்தது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த கதை. 1972ல் விட்டிங்ஹாம், லீபோ, மேஸர் ஆகியோர் எலிக் கருக்களை நிமிஷத்துக்கு ஒரு டிகிரியை ஒட்டிய நிதானத்தில் குளிர்வித்து, உறைந்த கருவிலிருந்து குட்டிகள் பிறக்கச் செய்தனர். மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் வில்மட்டும் ரௌஸனும் அவ்வாறே ஒரு கன்று பிறந்ததை அறிவித்தார்கள். 1978 அக்டோபர் 3ஆம் தேதி கல்கத்தாவில், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் 53 நாள் உறையவைத்திருந்த கருவிலிருந்து துர்கா என்ற பெண்குழந்தை பிறந்தது. மருந்துகளால் தூண்டப்பட்ட கருப்பை அமைதியடையும் வரையில் கருவைக் காத்து வைத்து, பின்பொரு மாதத்தில் உள்ளே வைப்பது என்ற அவருடைய யோசனையைத்தான் இன்று உலகமெங்கும் ஐ.வி.எஃப். நிலையங்கள் தினசரி அனுஷ்டிக்கின்றன. அரசாங்கம் நியமித்த குழு அவரை நம்பவில்லை. 1981ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர்களில் ஒருவர் என்ற புகழைத் தாமே பெற்றிருந்த டி. சி. ஆனந்த் குமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, அந்த முதன்மை அவருக்கே உரியதென்று 1997ல் எழுதினார். தமக்குரிய பட்டத்தைத் தாமே எடுத்துப் பிறருக்குச் சூட்டிய இத்தகைய நேர்மை எந்தத் துறையிலும் அபூர்வம்.

நான் தொழில் பழகிய காலத்தில், மெதுவாக உறையவைப்பதே சம்பிரதாயம். கருவைப் புரோப்பேன்டையால் என்ற திரவமும் சர்க்கரையும் கலந்த கரைசலோடு மெல்லிய ஸ்ட்ராவுக்குள் உறிஞ்சி, இரு முனைகளையும் அடைத்து, யந்திரத்தில் நிறுத்துவோம். யந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரிக்கு வந்து நிற்கும்போது, ஸ்ட்ராவுக்குள் இருப்பது இன்னும் திரவம். உறையவேண்டிய நிலையைத் தாண்டியும் உறையாமல் நிற்கும் திரவம். அப்போது நைட்ரஜனில் தோய்த்தெடுத்த இடுக்கியால், கரு இருக்கும் இடத்துக்குத் தூரமாக, ஸ்ட்ராவின் மேற்பகுதியை மெல்லப் பிடிக்கவேண்டும். பிடித்த இடத்தில் ஒரு வெண்மை முளைக்கும். கண்ணெதிரே அது நூல் நூலாகக் கீழே இறங்கும். அந்த வெண்மை கருவை அணுகும்போது உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கவேண்டும். பிறகு நிமிஷத்துக்கு 0.3 டிகிரி என்ற கணக்கில் யந்திரம் இறங்கிக்கொண்டே போகும். பாதி நாள் அதற்கே ஆகிவிடும். சென்னையின் மின்வெட்டுக் காலத்தில் அந்தப் பாதி நாளும் ஜெனரேட்டரின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே நின்றிருக்கிறோம்.

1985ல் ரால், ஃபேஹி என்ற இருவர் எலிக் கருவைக் கொண்டு வேறொரு மார்க்கத்தைக் காட்டியிருந்தார்கள்: நீர் பனியாவதற்கே அவகாசம் கொடுக்காமல், திரவத்தை அப்படியே கண்ணாடியாக இறுகவைத்துவிடுவது. மனிதக் கருவுக்கு அந்த மார்க்கம் கைவசப்பட்டது, ஜப்பானியரான குவாயாமா 2005ல் வெளியிட்ட கிரையோடாப் முறையின் வழியாகத்தான். எத்திலின் கிளைகாலும் டைமெதில் சல்ஃபாக்ஸைடும் கலந்த மென்மையான கரைசலில் கரு முதலில் சுருங்கி மீண்டும் விரியும் வரை காத்திருந்து, பின்னர் அதே பொருள்கள் இரட்டிப்பாக உள்ள கரைசலுக்கு மாற்றவேண்டும். அங்கே ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக வைத்தாலும் அது விஷம். மயிரிழை போன்ற குழாயால் கருவை எடுத்து, 0.4 மில்லிமீட்டர் அகலமே உள்ள பிளாஸ்டிக் இதழின்மீது வைத்து, மிகுந்த திரவத்தை உறிஞ்சியெடுத்து, நைட்ரஜனில் அமிழ்த்தவேண்டும். நிமிஷத்துக்கு இருபதினாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் அது குளிர்கிறது. எடுக்கும்போது அதைவிடவும் விரைவு வேண்டும். 37 டிகிரியில் காத்திருக்கும் சர்க்கரைக் கரைசலில் இதழைத் தாமதமின்றி முக்குவோம். இம்முறை பரவியதிலிருந்து பனிக்கட்டி என்ற பகைவனைப் பற்றி எங்கள் லேபில் பேச்சே அரிதாகிவிட்டது.

அப்போதுதான் அடுத்தவனுடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. உறையிலிருந்து எடுத்த கரு உயிரோடு இருக்கும். இரண்டொரு மணி நேரத்தில் மீண்டும் விரியவும் விரியும். ஆனாலும் சிலவற்றில் ஓரத்து அணுக்கள் கறுத்துக் கழன்றிருக்கும், சிலவற்றில் விரிவு சோம்பலாக நடக்கும். உயிர் பிழைத்தல் வேறு, பழுதின்றிப் பிழைத்தல் வேறு என்பதை மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். இந்தப் பழுதின் காரணங்களைத் தேடியவர்கள் பிராணவாயுவின் வாசலில் வந்து நின்றார்கள்.

கரு தன் முதல் ஐந்தாறு நாட்களைக் கழிக்கவேண்டிய கருக்குழாயிலும் கருப்பையிலும் பிராணவாயு நூற்றுக்கு இரண்டு முதல் எட்டு பங்கு அளவே உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலோ இருபத்தொரு பங்கு. ஆகவே லேபுக்கு வந்த கணத்திலிருந்தே கரு தனக்குப் பழக்கமில்லாத செழிப்பில் வாழ்கிறது. உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா, பிராணவாயுவைப் படிப்படியாக நீராக்கி முடிக்கவேண்டியது. அந்தப் படிகளில் எங்கேனும் எலெக்ட்ரான் தவறி விழுந்தால், சூப்பராக்ஸைடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் தோன்றுகின்றன. சாதாரண நாட்களில் கருவின் சொந்தக் காவல் இவற்றை அடக்கிவிடும். குளிர்ச்சியோ, அந்தப் படிகளின் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. நீர் வெளியேறுவதும் உட்புகுவதும் சவ்வை இழுத்துத் தளர்த்துகின்றன. திடீரென்று உஷ்ணம் திரும்பும்போது, உறங்கியிருந்த மைட்டோகாண்டிரியா விழித்தெழும் வேகத்தில் காவலை மிஞ்சிய பெராக்ஸைடு பெருகுகிறது. அங்கே இரும்பு அயனி சிறிதளவு இருந்துவிட்டால், அந்தப் பெராக்ஸைடு ஹைட்ராக்ஸில் என்ற மகா துஷ்டனாக மாறி, சவ்வின் கொழுப்பையும் மரபணுவையும் எதிர்ப்பட்ட இடத்திலேயே தாக்குகிறது.

கருவின் சொந்தக் காவலில் தலைமை வகிப்பது குளூட்டாதயோன். மூன்றே அமினோ அமிலங்கள் சேர்ந்த இந்தச் சிறு பொருளை, சினைப்பையில் முதிரும் காலத்தில் முட்டை சேமித்துக்கொள்கிறது; கருத்தரித்த பின் ஆரம்ப நாட்களில் அதைப் புதிதாகத் தயாரிக்கும் ஆற்றல் கருவுக்கு மிகக் குறைவு. உறைதலும் உருகுதலும் அந்தச் சேமிப்பைக் கரைக்கின்றன. எனவே வெளியிலிருந்து துணை அனுப்பலாமே என்ற யோசனை இயல்பாக எழுந்தது. 2002ல் மிஷெல் லேனும் டேவிட் கார்ட்னரும் உறையவைக்கும் கரைசலில் அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி, சேர்த்து, எலிக் கருக்களுக்குள் பெராக்ஸைடு குறைவதையும் பின்வளர்ச்சி மேம்படுவதையும் காட்டினார்கள். அதன் பிறகு மெல்போர்னில் கார்ட்னரும் துவோங் என்ற ஆராய்ச்சியாளரும் மூன்று பொருள்களைச் சேர்த்துக் கையாண்டார்கள்: குளூட்டாதயோனுக்கு மூலப்பொருளான ஸிஸ்டீனை ஈயும் என்-அசிட்டைல் ஸிஸ்டீன்; மைட்டோகாண்டிரியாவின் வேலையைச் சீர்செய்யும் அசிட்டைல் கார்னிடைன்; நீரிலும் கொழுப்பிலும் ஒருங்கே இயங்கி, வேலை செய்து களைத்த மற்ற ஆன்டி ஆக்ஸிடென்டுகளை மீண்டும் புதுப்பிக்கும் லிப்போயிக் அமிலம். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் அளவு. மூன்றையும் தனித்தனியே சேர்ப்பதைவிடக் கூட்டாகச் சேர்ப்பதே பயன் தந்தது. 2020ல் அவர்கள் இதே கூட்டத்தை உறையவைக்கும் கரைசல்களிலும், உருக்கும் கரைசல்களிலும் சேர்த்தபோது, எலிக் கருக்கள் நன்றாகப் பிழைத்தெழுந்து மேலே வளர்ந்தன.

கால்நடைத் துறையில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இந்தச் சங்கடம் எங்களைவிடப் பெரிது. மனிதக் கரு மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். மாட்டின் கருவும் எருமையின் கருவும் கொழுப்புத் துளிகள் நிறைந்து இருண்டு தெரியும். பன்றியின் கருவோ இன்னும் இருண்டது. கொழுப்பு மிகுந்த இடத்தில் பிராணவாயுவுக்கு இரையும் மிகுதி. 1995ல் நாகாஷிமா என்ற ஜப்பானியரின் குழுவினர் பன்றிக் கருவைச் சுழற்றி, ஒருபுறம் ஒதுங்கிய கொழுப்பை ஊசியால் உறிஞ்சி நீக்கிய பிறகே அது குளிரைத் தாங்கியது என்பதை நினைத்தால், கொழுப்பின் பங்கு எவ்வளவென்று விளங்கும். பனியைத் தடுப்பதற்காக நாங்கள் காலங்காலமாகச் சேர்த்துவந்த டைமெதில் சல்ஃபாக்ஸைடே, ஹைட்ராக்ஸிலைப் பிடித்து அடக்கும் குணமும் உடையது. அறியாமலே ஒரு காவலனை வைத்திருந்தோம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

இதைப் படித்துவிட்டு, நல்லது எதுவோ அதை அதிகமாகப் போட்டால் இன்னும் நல்லதென்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலுக்கு லாயக்கில்லாதவர்கள். பெராக்ஸைடு முழுக்க முழுக்க விரோதியும் அன்று. சிறு அளவில் அது உயிரணுக்கள் தமக்குள் விடும் செய்தி. எப்போது பிரிவது, எப்போது மாறுவது என்ற உத்தரவுகளில் அதற்குப் பங்குண்டு. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டால் அந்த உத்தரவுகள் குழம்பும். வைட்டமின் சியே இரும்பு அயனி கலந்த கரைசலில் கட்சி மாறி, ஹைட்ராக்ஸிலை உண்டாக்கத் துணைபோகும். அதனால்தான் நல்ல வளர்ப்புக் கரைசல்களில் உலோக அயனிகளைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளும் இருக்கிறது. அளவும் வேளையும் சூழலும் சேர்ந்தே ஒரு பொருளை மருந்தாக்குகின்றன என்பது வைத்தியத்தின் பழைய பாடம்.

இனி, சீசாவில் வாங்க முடியாத காவல் ஒன்றைச் சொல்லவேண்டும். கருவை வளர்க்கும் துளியின்மேல் மினரல் ஆயில் ஊற்றி மூடுவது வழக்கம். ஒரு சித்திரை மாதத்தில், உருக்கியெடுத்த கருக்கள் வழக்கமான சுறுசுறுப்பில்லாமல் மந்தமாக விரிவதை எங்கள் லேபில் கவனித்தோம். கரைசல் மாறவில்லை, இன்குபேட்டரின் வாயு மாறவில்லை. மாறியது எண்ணெயின் பாட்ச் எண் ஒன்றுதான். உடனே பழைய எண்ணெயின் கீழ் ஒரு துளி, புதிய எண்ணெயின் கீழ் ஒரு துளி என்று வைத்து, இரண்டிலும் ஒரே மாதிரியின் விந்தணுக்களை இட்டு, மறுநாள் பார்த்தோம். பழையதன் கீழே அவை நீந்திக்கொண்டிருந்தன; புதியதன் கீழே பெரும்பாலும் அசைவற்றுக் கிடந்தன. விசாரித்ததில், இறக்குமதியான அந்தப் பெட்டிகள் வழியில் ஒரு கிடங்கில் தகரக் கூரையின் கீழ் வெயிலில் இருந்திருக்கின்றன என்று தெரிந்தது. வெளிச்சமும் உஷ்ணமும் பட்ட எண்ணெயில் பெராக்ஸைடு தானே விளைகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியாது. கருவுக்கு நாங்கள் காவலென்று போர்த்தியதே அதற்குப் பகையை ஊட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து புதிய பாட்ச் எண்ணெய் எதுவும் இந்தப் பரீக்ஷையில் தேறாமல் கருவின் அருகே வருவதில்லை. சீசா திறந்த தேதி எழுதாத எண்ணெய் குப்பைக்குப் போகிறது.

வெளிச்சத்தின் விஷயமும் இதுதான். கரைசலில் உள்ள ரிபோஃப்ளேவினும், வெளியில் வைத்துக் கையாளும்போது அமிலநிலையைக் காக்கச் சேர்க்கும் ஹெப்பெஸும், விளக்கொளியில் நெடுநேரம் கிடந்தால் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "என்ன சார், லேப் இவ்வளவு இருட்டா இருக்கு?" என்று கேட்பார்கள். மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று முதல் நாள் சொல்லிவிட்டு, மறுநாள் காரணத்தைச் சொல்வேன். மைக்ராஸ்கோப்பின் விளக்கைத் தேவையான அளவுக்குமேல் ஏற்றாதிருப்பது, கருவை வெளியே வைத்துப் பேசிக்கொண்டிராதிருப்பது, இன்குபேட்டரின் பிராணவாயுவை ஐந்து பங்கில் நிறுத்துவது, அதன் கதவைத் தேவைக்கு மட்டுமே திறப்பது: இவையெல்லாம் விளம்பரமில்லாத ஆன்டி ஆக்ஸிடென்டுகள். ஒரு விசித்திரம் என்னவென்றால், அதே அறையின் நைட்ரஜன் பகுதியில் எங்களுக்குப் பயம் நேர்மாறானது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய எழுநூறு லிட்டர் வாயுவாகி, அறையின் பிராணவாயுவைத் தள்ளிவிடும். ஆகையால் சுவரில் பிராணவாயு குறைந்தால் அலறும் மணி ஒன்று மாட்டியிருக்கிறோம். கருவுக்கு மிகுதியும் எங்களுக்குக் குறைவும் ஆகாதென்ற இரண்டு விதிகளையும் ஒரே கூரையின் கீழ் காக்கவேண்டியிருக்கிறது.

கரு உறைந்திருக்கும் மாதங்களில், தாயாகப்போகிறவர்கள் பலர், "நான் வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டால் உள்ளே இருக்கிற கருவுக்கு நல்லதா சார்?" என்று கேட்கிறார்கள். "அதுக்கு இப்ப எதுவும் வேண்டாம்மா, அது தூங்குது; டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் சாப்பிடுங்க" என்பேன். நைட்ரஜனுக்குள் எந்த மாத்திரையின் சத்தும் போய்ச் சேராது. அங்கே தடுக்கவேண்டிய எதுவும் நடக்கவுமில்லை. முட்டையை எடுப்பதற்கு முன்பு கேட்டிருந்தால் அது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லவேண்டியவர் அவர்களுடைய மருத்துவர்.

கரைசல் விற்கும் கம்பெனிகளின் இளைஞர்கள், ஆன்டி ஆக்ஸிடென்ட் சேர்த்த புதுச் சீசாக்களோடு இப்போது அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். எந்தப் படியில் சேர்க்கிறீர்கள், வளர்ப்பிலா, இறக்கும்போதா, ஏற்றும்போதா? எதோடு ஒப்பிட்டீர்கள்? எதை எண்ணினீர்கள், பிழைத்த அணுக்களையா, பிறந்த குழந்தைகளையா? முதல் கேள்விக்கு விடை உடனே வரும். இரண்டாவதில் ஒரு நல்ல முறை இருக்கிறது: ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்து, பாதியைப் புதுக் கரைசலிலும் பாதியைப் பழையதிலும் வளர்ப்பது. தாயின் வயதும் உடல்நிலையும் இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுவதால், மிஞ்சும் வித்தியாசம் கரைசலுடையது. ஜப்பானில் கார்ட்னரோடு சேர்ந்து பல நிலையங்கள் வளர்ப்புக் கரைசலை இப்படிச் சோதித்தன. மூன்றாவது கேள்விக்கு வரும்போது பேச்சு பெரும்பாலும் எலியிடமும் மாட்டிடமும் திரும்பிவிடுகிறது. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. கிளிசரினும் சேவலிடமிருந்துதான் புறப்பட்டது. ஆனால் பணம் கொடுப்பவர் ஒரு தம்பதி என்பதை மறக்கலாகாது.

அதனால் புதிதாக லேப் அமைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது செலவின் வரிசையை இப்படிச் சொல்கிறேன். முதலில் பிராணவாயுவைக் குறைத்து நிறுத்தும் இன்குபேட்டர். அடுத்து எண்ணெயையும் கரைசலையும் குளிர்ச்சியில் கொண்டுவந்து சேர்க்கும் நம்பகமான வழி. அதற்கும் அடுத்து, ஒரு நிமிஷ வேலையை ஒரு நிமிஷத்தில் முடிக்கும்படி கையைப் பழக்குவதற்கான அவகாசமும் சம்பளமும். இவை மூன்றும் ஒழுங்காக இருக்கும் லேபில் ஆன்டி ஆக்ஸிடென்ட் சேர்த்த கரைசலைத் தாராளமாக வாங்கலாம், நானும் வாங்குகிறேன். இவை இல்லாத லேபில் அந்தச் சீசா, கருவை விட்டுவிட்டு நிர்வாகத்தின் மனச்சாட்சியை மட்டுமே பாதுகாக்கும்.